பதினைந்து வினாடியில் திறக்க வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி

அன்புள்ள சின்னவளுக்கு,

நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை ஒளிக்காமல் எழுது. 'நல்லா இருக்கேம்மா' என்று நீ அனுப்பும் ஒற்றை வரியை நான் நம்புவதில்லை, தோள்வலி இன்னும் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்ப்பதை விட்டாயா, இதையெல்லாம் தனித்தனியாக எழுது. உன் அறையில் இருக்கும் எரிவாயு அடுப்பையும் வெந்நீர்க் கருவியையும் ஆள் வந்து பார்த்துவிட்டதாக வீட்டுக்காரர் சொன்னார் என்று எழுதியிருந்தாய். அவர் சொன்னால் போதாது, யார் வந்தது, எந்தத் தேதி, எதைக் கழற்றிப் பார்த்தார் என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கி வை. நீ சிரிப்பாய் என்று தெரியும், உன் அப்பா இப்போதே சிரித்துவிட்டார், பெத்த பொண்ணுக்குக் கூட இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டா என்கிறார். அவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. வேதியியலோடு இந்த வருஷம் கணக்குப் பாடமும் அவர் தலையில் விழுந்திருப்பதால் விடைத்தாள் கட்டு சாப்பாட்டு மேஜையை விட்டு நகர்வதேயில்லை, நான் மேஜையின் ஒரு மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாமா ஏன் போனை எடுப்பதில்லை, வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் அவனுக்கு வேலை அதிகம் என்று சொல்லி மழுப்பினேன். உண்மையில் அவனுக்கு இப்போது வேலையே இல்லை, விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளத்தில் வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் நான் எழுதிய ரிப்போர்ட். போனில் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, உனக்கே தெரியும், அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அணு உலையை நிறுத்திவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நீயும் சின்ன வயதில் அப்படித்தான் கேட்டாய். நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் எரிபொருள் நாள்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும், அதன்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமான குழாய் உடைந்துபோனால் அவசரத் தண்ணீர் உள்ளே போக, இங்கே இருக்கும் இரண்டு உலைக்கும் ஆளுக்கொரு வால்வு இருக்கிறது, ஆள் உயரம், தலையில் ஒரு மோட்டார். சாதாரண நாளில் அது மூடியே இருக்கும். வேண்டும் என்று கட்டளை வந்தால் பதினைந்து வினாடிக்குள் திறந்துவிட வேண்டும். அது திறக்குமா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்து, பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஒழுங்குமுறை அலுவலகத்தின் வேலை, இங்கே அந்த வேலை ஒன்பது வருஷமாக என்னுடையது. விதியில் ஒரு வரி இருக்கிறது, வால்வு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே சோதிக்க வேண்டும், முன்னால் யாரும் அதைத் தொடக்கூடாது. அந்த வால்வுகளைப் பராமரிக்கும் ஆறு பேர் குழுவுக்கு உன் மாமாதான் தலைமை ஃபிட்டர். நான் பொறுப்பேற்ற முதல் வாரமே, அவன் என் கூடப் பிறந்தவன், இது சரியல்ல என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. ஒரு விஷயத்தைப் புதைத்துவிட்டோம் என்பதை அலுவலகங்கள் மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

பொறுப்பேற்ற புதிதில் நான் இன்னொன்றும் செய்தேன், இப்போது யோசித்தால் அங்கேதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் திடீர் திடீரென்று போய் நிற்பாராம், ஏணி இல்லை, விளக்கு இல்லை என்று குழுவைத் திட்டுவாராம். நான் அப்படி இருக்கக் கூடாது என்று மூன்று நாள் முன்பே தேதியும் நேரமும் எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். அது மரியாதை என்று நினைத்தேன். அவர்களும் மரியாதைக்கு மரியாதை செய்தார்கள். நான் வருகிற நாள் காலையில் வால்வை ஏற்றி இறக்கும் தண்டைத் துடைத்து, புதுக் கிரீஸ் ஏற்றி, இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பார்த்து, சுற்றிலும் பெருக்கி வைத்துவிடுவார்கள். குழுவுக்குள் அதற்குப் பல் தேய்த்துவிடுவது என்று பெயர். அக்கா வர்றாங்க, ரெண்டு பேருக்கும் பல்லு தேச்சாச்சா என்று உன் மாமா கேட்பானாம். ஆறு பேரில் ஒருவர்கூட இதை என்னிடமிருந்து மறைப்பதாக நினைக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது பாயை உதறிப் போடுவதைப் போல இதையும் செய்திருக்கிறார்கள், அதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒன்றாம் உலையை எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தியிருந்தார்கள். மறுபடி தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டிய சோதனைக்கு வியாழக்கிழமை பத்து மணி என்று எழுதி அனுப்பியிருந்தேன். அன்றைக்கு எனக்கிருந்த வேறு கூட்டம் ரத்தாகிவிட்டது, ஒன்பது பத்துக்கே கீழே இறங்கிவிட்டேன். யாரும் இல்லை, குழு டீ குடிக்கப் போயிருந்தது. வால்வு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது சும்மா, எதையும் நினைக்காமல், மோட்டார் மூடியின்மேல் கையை வைத்தேன். சூடாக இருந்தது. உலை நின்று பத்து நாள் ஆகிறது, அந்த மோட்டார் ஓட வேண்டிய வேலையே கிடையாது. குனிந்து பார்த்தால் தண்டில் கிரீஸ் ஈரமாக மின்னுகிறது. பத்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள், உன் மாமா வழக்கம்போல என்னை மேடம் என்று கூப்பிட்டான், வேலை இடத்தில் அவன் அப்படித்தான். விசையைத் திருப்பினார்கள், பதினோரு வினாடியில் திறந்தது. எல்லாரும் சிரித்த முகமாக நின்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. இன்றிலிருந்து இதை யாரும் தொடக்கூடாது, சொல்லாமல் வருவேன் என்று கம்பி முத்திரை வைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

இருபத்தோராம் நாள் காலையில் சொல்லாமல் போனேன். விசையைத் திருப்பச் சொன்னேன். மோட்டார் உறுமியது, தண்டு அசையவில்லை. பத்து, பதினைந்து, இருபது என்று கடிகாரம் ஓடியது, இருபத்திரண்டாவது வினாடியில் மோட்டார் தானே அணைந்துகொண்டது.  உன் மாமா பழக்கதோஷத்தில் கிரீஸ் துப்பாக்கியை எடுக்கக் கை நீட்டினான். வேண்டாம் என்றேன். கையை மடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான்.

பிறகு கழற்றிப் பார்த்ததில் தண்டில் இருந்த கிரீஸ் மெழுகு போல இறுகியிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய கிரீஸ் செய்த கம்பெனி அதை நிறுத்திவிட்டது, ஸ்டோரில் வேறு ஒன்றை வாங்கினார்கள், பழையதற்குச் சமமானது என்று ஒரு காகிதம் வந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது, நானும் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன். அந்த இடத்துச் சூட்டில் மூன்று வாரத்தில் இறுகிவிடும் என்பது காகிதத்தில் இல்லை. அப்படி இறுகுவது சோதனையில் பிடிபட்டிருக்க வேண்டும், சோதனை அதற்காகத்தானே. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பல் தேய்த்துவிட்டதால் ஒருநாளும் பிடிபடவில்லை. முதல் ஐந்து வருஷம் மரியாதைக்குச் செய்தது எப்போது அது இல்லாமல் முடியாது என்று ஆனது என்பதை உன் மாமாவால் சொல்ல முடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கமாச்சு, நாங்களும் கொஞ்சம் கொஞ்சமா ஜாஸ்தி தடவினோம் என்று விசாரணையில் சொன்னான். ஒரு உலைக்கு மட்டும் முப்பத்தாறு சோதனை, முப்பத்தாறிலும் என் கையெழுத்து. கிரீஸ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அந்த வால்வு எப்படி இருக்கும் என்பதற்கு முப்பத்தாறு சாட்சி இருக்கிறது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எப்படி இருக்கும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

இதை எழுதி அனுப்பினேன். ஒன்றாம் உலை தொடங்குவது தள்ளிப்போனது, உன் மாமாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா வீட்டு அத்தை போன் செய்து, உங்க தம்பி உங்களுக்காகத்தான் அண்ணி அந்த இரும்பை அப்படித் துடைச்சு வச்சாரு, உங்க பேர் கெடக்கூடாதுன்னு என்று சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, அதனால் நான் திரும்பக் கூப்பிடவில்லை. உன் அப்பாவிடம் கேட்டேன், நான் செய்தது தப்பா என்று. உன் தம்பி, உன் வால்வு, நடுவுல என்னை இழுக்காத என்று விடைத்தாளை எடுத்துக்கொண்டார், அரை மணி கழித்து, தப்பில்ல, ஆனா அவன்கிட்ட முதல்ல நீயே போய்ச் சொல்லியிருக்கலாம் என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

நிலையத்து மேலாளரை உனக்கு நினைவிருக்கும், எதற்கும் சிரிப்பாரே, எல்லாரும் சிரிப்புக்காரர் என்பார்களே, அவர்தான். அவரிடம் போய், ஒன்றாம் உலை நிற்கிறது சரி, இரண்டாம் உலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதே வால்வு, அதே கிரீஸ், அதே ஆறு பேர், அதையும் தொடாமல் சோதிக்க வேண்டும் என்றேன். சிரித்தார். ரெண்டு மாசம் முன்னாடிதானே மேடம் பாத்தீங்க, பன்னெண்டு செகண்டு, கையெழுத்து உங்களோடது, உங்களையே நீங்க நம்பலைன்னா நான் என்ன பண்றது என்றார். ஆறு பேரையும் தனித்தனியாகக் கேட்டோம். ஆறு பேரும், உன் மாமா உட்பட, ஒன்றாம் உலையில் மட்டும்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். தலைமை அலுவலகம் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னது, அடுத்த சோதனை ஐந்து வாரத்தில் வருகிறது, அதைச் சொல்லாமல் நடத்திக்கொள்ளலாம், அதுவரை யாரும் வால்வைத் தொடாதபடி முத்திரை வைக்கவும். பதினேழு நாளைக்கு முன்னால் நானே போய் முத்திரை வைத்தேன், கிரீஸ் ஏற்றும் முனையில் ஒன்று, கைச்சக்கரத்தில் ஒன்று. ஏதோ நல்லது செய்துவிட்டோம் என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

இன்று காலை எட்டரை மணிக்கு உன் மாமா வந்தான். இளைத்திருக்கிறான், முகம் மழிக்கவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான், டீ கொடுத்தேன், உன்னைப் பற்றிக் கேட்டான், பின்பக்கக் குழாய் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு வாஷர் மாத்தணும் என்றான், ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்புறம், அக்காகிட்ட சொல்றேன், ஆபீசர்கிட்ட இல்ல என்று ஆரம்பித்தான். இரண்டாம் உலை வால்வு ஒன்றாம் உலையைவிட மோசமாம். போன சோதனை அன்று காலையில் இரண்டு தடவை கிரீஸ் ஏற்றியும் மோட்டாருக்கு அசையவில்லையாம், கைச்சக்கரத்தில் நீளக் குழாயை மாட்டி மூன்று பேர் தொங்கித்தான் அசைத்தார்களாம், பிறகு ஆறு முறை ஓட்டிப் பழக்கிவிட்டு, பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ வந்து பன்னெண்டு செகண்டுன்னு எழுதிட்டுப் போன என்றான். அதற்குப் பிறகு பயந்துபோய், யாருக்கும் சொல்லாமல் வாராவாரம் தானே போய்த் தடவிவிட்டு வந்திருக்கிறான். வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவன் ஆள் ஒருவர் போயிருக்கிறார். நீ முத்திரை வச்சிட்டேன்னு கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லக்கா, முன்னாடி திருட்டுத்தனமா செஞ்சாலும் அது திறக்கிற மாதிரி இருந்துச்சு, இப்ப நீ யாரையும் தொட விடல, பதினேழு நாளாச்சு, தடவலன்னா அது திறக்காதுக்கா என்றான்.

சின்னவளே, யோசித்துப் பார். பதினேழு நாளாக அந்த உலை ஓடுகிறது, அதன் குழாய் உடைந்தால் காப்பாற்ற வேண்டிய கதவு என் முத்திரைக்குப் பின்னால் இறுகிக்கொண்டிருக்கிறது. எழுதிக் கொடு என்று கேட்டேன். ஒன்றாம் உலையில் செய்தது தவறு, அதற்கு வேலை போகும், இரண்டாம் உலையைப் பற்றி விசாரணையில் பொய் சொன்னதற்கு ஆறு பேர் மேலும் வழக்கு வரும், ஆறு வீட்டு அடுப்பை நான் அணைக்க மாட்டேன் என்றான். சரி, நான் எழுதினால் என்று கேட்டேன். டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். உன் அப்பா வாசல்வரை அவனோடு போனார், திரும்பி வந்து இந்த முறை உன் தம்பி, உன் வால்வு என்றெல்லாம் சொல்லவில்லை, ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

முதலில் ஷிப்ட் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். யார் சொன்னாங்க மேடம், சொன்னவங்க பேர் இல்லாம, ஓடற உலையில நான் கை வைக்க முடியாது, எழுத்துல குடுங்க என்றார். அவர் சொல்வதும் விதிதான், அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பக்கத்தில் எழுதினேன். இரண்டாவது வரியில் உன் மாமாவின் பெயரும், எனக்கு அவன் என்ன முறை என்பதும் இருக்கிறது. பதினொன்றேகாலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார், முறை எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தார், நேரத்தைக் குறித்தார். அதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வால்வு திறக்கிறது என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் உலையின் வேகத்தை இறக்கி நிறுத்தத் தொடங்க வேண்டும். நாலரைக்குச் சோதனை என்று இப்போதுதான் தகவல் வந்தது. அதுவரைக்கும் வால்வு அறை வாசலிலேயே ஒரு காவலாளியை உட்கார வைத்திருக்கிறேன், நல்ல எண்ணத்தில் யாரும் கிரீஸ் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி. இங்கிருந்து பார்த்தால் எல்லாம் எப்போதும்போலத்தான் இருக்கிறது, மின்கம்பிகள் முனகுகின்றன, எதிர்வீட்டில் துணி உலர்த்துகிறார்கள். வாசலில் பந்து விளையாடுகிற பிள்ளைகளை உள்ளே போங்கள் என்று சொல்ல இரண்டு முறை எழுந்துவிட்டு உட்கார்ந்தேன். உள்ளே போவதால் என்ன ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் உன் மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், இந்த முறை மற்றவர் சொல்லி அவன் கேட்கக் கூடாது.  ஆறு பேரையும் எழுதினியா, என்னை மட்டுமா என்றான். உன்னை மட்டும் என்றேன். சரி என்றான். வைக்கப் போகிறான் என்று நினைத்தேன், வைக்கவில்லை. டெஸ்ட் பண்றப்ப மோட்டார் பக்கமா நிக்காத, கதவுப் பக்கமா நில்லு என்றான். ஏன் என்று கேட்டேன். அன்னைக்குக் குழாய் மாட்டித் தொங்கினதுல மோட்டாரைப் பிடிக்கிற போல்ட்டுல மூணுக்கு மரை தேஞ்சு போச்சு, சும்மா சொருகி வச்சிருக்கோம் என்றான். எட்டு போல்ட் அதில். நான் பன்னிரண்டு வினாடி என்று எழுதிய அன்று அந்த எட்டையும் என் கண்ணால் எண்ணிப் பார்த்து, எட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். இதை முடித்ததும் அந்த மூன்றைப் பற்றியும் எழுத வேண்டும், யார் சொன்னது என்று கேட்பார்கள்.

எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், நிம்மதியாக, யாருக்கும் பயப்படாமல் இருக்க வேண்டும், எனக்கும் உன் அப்பாவுக்கும் அதைவிட வேறு ஆசை இல்லை. அடுத்த மாதம் வருவதாகச் சொன்ன டிக்கெட்டை இப்போது எடுக்காதே, நான் எழுதும்வரை பொறு. மாமா உன்னைக் கூப்பிட்டால் உடனே எடு, என் பக்கம் பேசாதே, அவன் சொல்வதைக் கேட்டுக்கொள். நாலு மணி ஆகப்போகிறது, நான் கிளம்ப வேண்டும்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா